கப்பலில் யார் சமைக்கிறார்கள்?

விண்வெளிக் கதைகளில் வரும் டாக்டர்கள் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம் உண்டு. ஒரு கிரகத்திலிருந்து இன்னொரு கிரகத்துக்குக் கப்பல் வரும். அதில் இருப்பவர்களுக்கு யாருமே பார்த்திராத ஒரு காய்ச்சல். கதை முடியப் பத்துப் பக்கம் இருக்கும்போது டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், மருந்து கிடைத்துவிடும். அடுத்த பக்கத்தில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். அம்மை போட்டுப் படுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படியெல்லாம் யாரும் எழுந்து உட்கார்ந்து சிரிப்பதில்லை. முதலில் தலை அரிக்கும்.

டாக்டருக்கு வேலை இல்லாத கதைகளில் கதவுக்கு வேலை இருக்கும். இரட்டைக் கதவு, நடுவில் ஒரு சின்ன அறை. நுழைந்ததும் நாலு பக்கமும் புகையடிக்கும், உடுத்தியதைக் கழற்றிப் போட வேண்டும், நீல விளக்கு ஒன்று உடம்பெல்லாம் மேயும். சில கதைகளில் கப்பலை இறங்கவே விடமாட்டார்கள். கிரகத்தைச் சுற்றிக்கொண்டே கிட என்று சொல்லிவிடுவார்கள். கல்நெஞ்சக்காரர்கள் எழுதியதாக இருந்தால் கப்பலையே கொளுத்திவிடுவார்கள். கொஞ்சம் யோசிக்கிறவர்கள் தலைகீழாக எழுதுவார்கள். வந்தவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள், அவர்கள் மூச்சுப் பட்டதும் அந்தக் கிரகத்து ஜனங்கள் சுருண்டு விழுவார்கள், ஏனென்றால் எத்தனையோ தலைமுறையாக வெளியிலிருந்து ஒரு தும்மல்கூட அந்த ஊருக்கு வந்ததில்லை. இந்தக் கடைசி வகை எனக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் நான் தொண்ணூறுகளில் படித்தேன். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோர டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ். அங்கிருந்த நூலகத்தில் ஓர் அலமாரி முழுக்க இந்த மாதிரிப் புத்தகங்கள்தான். பாதிக்கு அட்டை இருக்காது. படித்ததை, சாயங்காலம் கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருக்கும்போது அக்காவுக்குச் சொல்வேன். அக்கா என்னைவிட நாலு வயது பெரியவள், காமர்ஸ் படித்தவள். கதையைக் கேட்பாள், ஆனால் கேள்வி கேட்டே ஆளைக் கொல்வாள்.

“எல்லாரும் படுத்துக்கினா கப்பல்ல யாருடி சமைக்கிறது?”

“அங்கல்லாம் சாப்பாடு மாத்திரை மாதிரி இருக்கும்.”

“அந்த மாத்திரைய யாரு எடுத்து வாயில போடறது? துணிய யாரு தொவைக்கிறது?”

எனக்குத் தெரியாது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. உனக்குக் கதை கேட்கவே தெரியவில்லை என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடுவேன்.

எங்கள் வீட்டில் அந்தக் கதைகளைக் கேட்டு ஆச்சரியப்படாத ஒரே ஆள் அப்பா. அவருடைய அப்பா அம்மா திருக்கழுக்குன்றத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அப்பா ஐ.டி.ஐ. முடித்து, அணு ஆராய்ச்சிக் கூடத்தில் டெக்னீஷியன் ஆனார். அவர் வேலை செய்த இடத்தில் ஒரு பெஞ்சு உண்டு. பெஞ்சுக்கு அந்தப் பக்கம் கதிர்வீச்சுத் தூசு இருக்கக்கூடிய இடம், இந்தப் பக்கம் சுத்தமான இடம். வெளியே வருகிறவர் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டு, இந்தப் பக்கத்துச் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பேரியர் என்று பேர். அதைத் தாண்டியதும் ஓர் எந்திரத்தின் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்து நீட்ட வேண்டும். பச்சை விளக்கு எரியும்வரை அசையக் கூடாது.

அந்தப் பழக்கம் அவர் உடம்பில் ஊறிவிட்டது. வீட்டில் அம்மா காபி கொண்டுவந்தால்கூட இரண்டு கையையும் விரித்து நீட்டிக்கொண்டு ஒரு கணம் சும்மா நிற்பார். “பச்ச வெளக்கு எரிஞ்சிடுச்சுய்யா, வாங்கிக்க” என்பாள் அம்மா. திருக்கழுக்குன்றத்துக்காரியான அவளுக்கு அப்பாவைக் கிண்டல் செய்யாமல் ஒரு நாள் போகாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. அக்காவைக் கட்டிக்கொடுத்த மாமாவுக்கு நாவலூரில் அப்படி ஒரு கட்டடத்தில் வேலை. அமெரிக்காவில் பொழுது விடியும்போது இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். கேளம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் எடுத்துக் குடியிருந்தார்கள். மாமாவுக்குத் தாயார் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் தெற்கே. அதனால் அக்கா உண்டானபோது எல்லாமே எங்கள் அம்மாதான் என்று ஆயிற்று. ஒன்பதாம் மாதம் எங்கள் வீட்டில் வளைகாப்பு, அப்படியே பிரசவம் வரைக்கும் இங்கேதான். அம்மா மனசுக்குள் ஐந்து வகைச் சாதத்தையும் எப்போதோ கிளறி இறக்கிவிட்டிருந்தாள்.

நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். அது ஊருக்கு. எனக்கு நான் எழுத்தாளர். செங்கல்பட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்ன மாதப் பத்திரிகையில் என் விண்வெளித் தொடர் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிலவின் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குக் கொப்புளக் காய்ச்சல் வருகிறது. ஒரே கப்பலில் ஏறித் தாய்க் கிரகத்துக்குத் திரும்புகிறார்கள். கிரகம் கதவைச் சாத்திவிடுகிறது. இதுவரை சுலபமாக எழுதிவிட்டேன். பிறகு கப்பல் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு டாக்டர் வேண்டாம் என்ற பிடிவாதம், கொளுத்தவும் மனசு வரவில்லை. ஆசிரியர் போன் செய்து, “அடுத்த இதழோட முடிச்சிடுங்கம்மா” என்று கெஞ்சினார். நானும் மாசா மாசம் கப்பலை இன்னும் ஒரு சுற்று விட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குனி வெயில் ஆரம்பித்திருந்த நேரம். டியூஷன் பிள்ளைகளில் யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. கழுத்தில் இரண்டு கொப்புளம். அம்மா ஜாக்கெட்டை விலக்கி முதுகைப் பார்த்தாள். பார்த்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஆத்தா வந்துகீறா” என்றாள்.

அவ்வளவுதான், வீடே மாறிவிட்டது. வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. தாளிப்பு நின்றது. எனக்குத் தனிப் பாய், தனித் தட்டு. தலை சீவக் கூடாது. யார் வந்தாலும் வாசலோடு சரி. வா என்றும் சொல்லக் கூடாது, போய் வா என்றும் சொல்லக் கூடாது. வீட்டிலிருந்து ஒரு கரண்டி உப்புகூட வெளியே போகக் கூடாது. முக்கியமாக, அம்மை கண்டவளைப் பார்த்துக்கொள்கிறவள் இன்னொரு வீட்டுப் படி ஏறக் கூடாது. டவுன்ஷிப் டாக்டர் சின்னம்மைதான் என்றார். அக்காவுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை, வயிற்றுப்பிள்ளைக்காரி, அதனால் இந்தப் பக்கமே வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா இதையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்குத் திருப்தி இல்லை. பின்பக்கம் கிடந்த பழைய மரப் பெஞ்சைத் தூக்கிவந்து என் அறை வாசலில் குறுக்கே போட்டார். இந்தப் பக்கம் ஒரு ஜோடி செருப்பு, அந்தப் பக்கம் ஒரு ஜோடி.

“இன்னாய்யா இது, ஆத்தாவுக்குக் குறுக்கால பெஞ்சு போட்டுக்கினு கீற?” என்று அம்மா கத்தினாள்.

“ஆத்தா பெஞ்ச தாண்டி வருவா. கிருமி தாண்டாது.”

ஆத்தாவுக்குத் தடை இல்லை என்றதும் அம்மா அடங்கிவிட்டாள். அன்றிலிருந்து கஞ்சியும் இளநீரும் கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பு மாற்றி, காலைத் தூக்கிப் போட்டு என்னிடம் வந்தாள். திட்டிக்கொண்டேதான் வந்தாள், ஆனால் வந்தாள். பெஞ்சின் மேல் அவள் பங்குக்கு ஒரு கிண்ணம் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்துவிட்டாள். எனக்குக் காய்ச்சலிலும் சிரிப்பு வந்தது.

அப்பா அதோடு நிற்கவில்லை. அவர் வேலை செய்த இடத்தில் காற்று எப்போதும் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்குத்தான் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி, பிளைவுட்டில் வட்டமாக ஓட்டை போட்டு, என் அறை ஜன்னலில் பொருத்தினார். ஹாலிலிருந்து காற்று பெஞ்சைத் தாண்டி என் அறைக்குள் வந்து, ஃபேன் வழியாகப் பின்பக்கம் போனது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பெஞ்சுக்கு மேல் பிடித்துக்கொண்டு புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். புகை என்னை நோக்கி வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் படித்த எந்தக் கப்பலிலும் இவ்வளவு நல்ல ஏற்பாடு இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

அக்கா தினமும் போன் செய்தாள். போன் ஹாலில் இருந்ததால் அந்தப் பக்கம் பேசுவது எனக்குக் கேட்காது, இந்தப் பக்கம் பேசுவதிலிருந்து நானாக ஊகித்துக்கொள்வேன். ஒரு நாள் அப்பா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விளக்கினார்.

“பாதி பாதியா கொறைஞ்சிகினே வரும்மா. நாள் ஆவ ஆவ கொறையும். ஆனா சுத்தமா ஜீரோ ஆவறதுன்னு ஒண்ணு கெடையாது.”

கதிர்வீச்சு அப்படித்தான் குறையும். அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு அதுதான், அதையே அம்மைக்கும் போட்டுவிட்டார். அந்தப் பக்கம் அக்கா, அப்படியென்றால் நான் எப்போதுமே வீட்டுக்கு வர வேண்டாமா என்று அழுதிருக்க வேண்டும், ஏனென்றால் அம்மா பாய்ந்து வந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

“அந்தாளு பேச்ச கேக்காதடி. மூணு தண்ணி ஊத்தட்டும். மூணாந்தண்ணி ஊத்திட்டா ஆத்தா கெளம்பிடுவா. அன்னிக்கே நாள் பாத்து உன்னை இட்டாந்துடறேன். உன் வூடுடி இது.”

பாயில் படுத்தபடி இதைக் கேட்டபோதுதான் என் கப்பல் ஏன் இறங்கமாட்டேன் என்கிறது என்று புரிந்தது. கதவைச் சாத்தத் தெரிந்தவர்களைத்தான் நான் அந்தக் கிரகத்தில் குடிவைத்திருந்தேன். எல்லோரும் அப்பா மாதிரியே இருந்தார்கள். போதும், முடிந்துவிட்டது, இறங்கி வா என்று சொல்ல அங்கே ஒருத்தருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. எழுந்து எழுத முடியாத அளவுக்கு உடம்பு நொந்து கிடந்ததால் அப்படியே தூங்கிப்போனேன்.

முத்துக்கள் காய்ந்து உதிர ஆரம்பித்ததும் முதல் தண்ணீர். அப்புறம் இரண்டாவது. மூன்றாம் தண்ணீர் அன்று அம்மா அண்டாவில் தண்ணீர் ரொப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வெயிலில் காலையிலிருந்து வைத்திருந்தாள். கொல்லையில் என்னை உட்காரவைத்துத் தலையோடு ஊற்றினாள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. “போதும் தாயே, மலை ஏறிக்க” என்று அவள் முணுமுணுத்தது காதில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய் போய்விட்டது என்று டாக்டரும் சொல்லியிருந்தார், அதற்கு அழுகை வரவில்லை. அம்மா என்னை இழுத்து அணைத்துத் தலை துவட்டினாள்.

மறுநாளே கோயிலுக்குக் கூழ் ஊற்றிவிட்டு, அக்காவை அழைத்துவர நாள் குறித்தார்கள். கேளம்பாக்கத்தில் அக்கா பெட்டியைக் கட்டிவைத்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அப்பா சட்டையில்லாமல் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். காபி கொண்டுபோன அம்மா, அவர் முதுகைப் பார்த்துவிட்டுத் தம்ளரை அப்படியே கீழே வைத்தாள்.

அவருக்கும் அதுவரை அம்மை வந்ததில்லை என்பது யாருக்குமே தோன்றவில்லை. ஆனால் இத்தனை ஏற்பாட்டையும் மீறி எப்படி? நான் இருந்த அதே அறையில், அதே பாயில் படுத்து, அன்றைக்கெல்லாம் அந்த எக்ஸாஸ்ட் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் திடீரென்று சிரிக்கிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பெஞ்சுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தோம்.

“பிளாண்டுல அந்தக் காத்து போறதுக்கு ஒசரமா பொகபோக்கி கீது. இங்க எங்க போவுதுன்னு நான் பாக்கவே இல்லியே” என்றார்.

நாங்கள் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். ஃபேனுக்கு நேர் எதிரே, அது ஊதுகிற காற்று முகத்தில் படுகிற மாதிரி, அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் மடித்த பேப்பர். பங்குனிப் புழுக்கத்தில் வீட்டில் காற்று வருகிற ஒரே இடம் அதுதான் என்று தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து அங்கேதான் உட்கார்ந்து படித்தார். என் அறையின் காற்றையெல்லாம் குழாய் வைத்த மாதிரி அவரே வாங்கிக்கொண்டிருக்கிறார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அவளாலும் அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு அக்காவுக்குப் போன் போடுகிற வரைக்கும்தான். இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் அவளுக்கு வலி வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இந்தத் தடவை ரிசீவர் என் கையில் இருந்தது. அக்கா அழவில்லை.

“சரிடி. பரவால்ல. நான் பாத்துக்கறேன்” என்றாள்.

அவள் பரவாயில்லை என்று சொன்னதை நான் நம்பவில்லை. மாமா சாயங்காலம் கிளம்பினால் காலையில்தான் வருவார். கால் வீங்கிக் கிடக்கிறது, குனிந்து கேஸ் சிலிண்டரைத் திறக்க முடியவில்லை என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தாள். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்கிறவள் வேறு படி ஏற முடியாது. பிள்ளைபெறப் போகிறவளுக்குத் தாய் வீடும் இல்லை, தாயும் இல்லை.

டவுன்ஷிப் டாக்டர் அப்பாவைப் பார்க்க வந்தபோது அவரை வாசல் வரைக்கும் துரத்திக்கொண்டு போய்க் கேட்டேன். எனக்கு மறுபடி வருமா? என்னால் யாருக்காவது வருமா? எனக்கு எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது, இனி எனக்கும் வராது, என்னிடமிருந்தும் யாருக்கும் போகாது என்றார் அவர். அந்த வீட்டில் அக்காவிடம் போகக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஊரே ஒதுங்கி நின்று பார்த்த மூஞ்சி, இப்போது அதற்குத்தான் அனுமதி.

நான் போகிறேன் என்றதும் அப்பா உள்ளிருந்து உத்தரவு போட்டார். இந்த வீட்டிலிருந்து ஒரு பொருள் போகக் கூடாது. துணி, சீப்பு, பை எதுவும் கூடாது. குளித்துவிட்டு, வெயிலில் காய்ந்ததைக் கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு போக வேண்டும். அங்கே போனதும் அதையும் கழற்றிப் போட்டுவிட்டு அக்காவின் உடுப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். “புள்ளத்தாச்சிய பாக்கப் போறவ கைய வீசிக்கினு போவாளா?”

“கைய வீசிக்கினுதான் போவணும். அதுக்குப் பேருதான் பேரியர்.”

“மொத பிரசவம்யா! ஒரு பூ, ஒரு வளையல் இல்லாம…”

பெஞ்சுக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் அம்மா, நடுவில் வேப்பிலை. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை. கேளம்பாக்கத்திலேயே வாங்கிக்கொண்டு போகிறேன், அது நம் வீட்டுப் பொருள் ஆகாது என்றேன். அப்பா யோசித்துவிட்டுச் சரி என்றார். “அப்போ நோட்டு? அது மட்டும் நம்ம வூட்டுது இல்லியா?” என்று அம்மா மடக்கினாள். கடைசியில் ரூபாய் நோட்டுகளைக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் பரப்பி, மேலே ஜல்லி வைத்து, மத்தியானம் வரை வெயிலில் காயவிட்டோம். காக்கா வராமல் நான்தான் காவல் இருந்தேன்.

மாமல்லபுரம் போய் பஸ் மாறி, திருப்போரூர் வழியாகக் கேளம்பாக்கம். முகத்தில் வடு இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. என் பக்கத்து இருக்கை கடைசி வரைக்கும் காலி. எதிர் வரிசையில் ஓர் அம்மா குழந்தையைத் தூக்கி மடியில் அந்தப் பக்கமாக வைத்துக்கொண்டாள். கண்டக்டர் டிக்கெட்டை நுனியில் பிடித்து நீட்டினார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, ஆனால் யாரைக் கோபித்துக்கொள்வது? போன மாதம் வரைக்கும் நானும் அப்படித்தான் நகர்ந்து உட்கார்ந்திருப்பேன். என் கதையில் கப்பலுக்குள் இருந்தவர்களுக்கு நான் ஒரு வரிகூடப் பேசக் கொடுக்கவில்லை என்பது அந்த பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது.

கேளம்பாக்கம் கடைத்தெருவில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல் வாங்கினேன். என் கையைவிட ஒரு சுற்றுப் பெரியதாகக் கேட்டேன், கையும் வீங்கியிருக்கும். இரண்டு முழம் பூவும் வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

அக்கா வீட்டுக் கம்பிக் கதவில் உள்பக்கமாகப் பூட்டு தொங்கியது. மணியடித்ததும் எதிர் ஃபிளாட் கதவுதான் முதலில் திறந்தது. மதுரைப் பக்கத்து அம்மா. அக்காவுக்குத் தினமும் ரசம் வைத்துக் கொடுப்பவர் என்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“ஏம்மா, அம்மை கண்ட பிள்ளையா நீ? வயித்துப்பிள்ளைக்காரி வீடும்மா இது. கீழேயே நின்னு போன் பண்ணிருக்கக் கூடாதா?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் வளையல் பொட்டலத்தைக் கதவுக்கு முன்னால் வைத்துவிட்டு, படிக்கட்டுக்குப் பக்கம் தள்ளி நின்றேன். அக்கா வந்துவிட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நைட்டியில், வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் போன் செய்தபோது தைரியமாக வா வா என்றவள்தான். இப்போது என் கன்னத்தையும் நெற்றியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குப் பயம். எனக்குத் தெரிந்தது. திரும்பிப் போ என்று சொன்னால் போய்விடுவது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

“மூணாந்தண்ணி ஊத்தியாச்சா?” என்றாள்.

“ஊத்தியாச்சுக்கா.”

“அப்பா இன்னா சொல்றாரு?”

“ஜீரோ ஆவாதுன்றாரு.”

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்ததில் வயிறு குலுங்கியது, கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நைட்டிப் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

“அக்கா, நல்லா யோசிச்சிக்க” என்றேன்.

“நீ வரலேன்னா எனக்கு யாருடி சமைக்கிறது?” என்று பூட்டைத் திறந்தாள்.

வாசலிலேயே நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். எதிர் வீட்டு அம்மா, “சரி சரி, முதல்ல போய்க் குளி தாயி” என்று என்னை உள்ளே தள்ளினார். குளித்து, அக்காவின் நைட்டியை மாட்டிக்கொண்டு, அரிசி களைந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அந்த ஃபிளாட்டிலேயே வளைகாப்பு. மாடியில் குடியிருந்த பெண்கள்தான் வந்தவர்கள். ஒருத்தர் சேலம், ஒருத்தர் தஞ்சாவூர், ஒருத்தர் எந்த ஊர் என்று கேட்கவே இல்லை. ஐந்து சாதத்தில் மூன்று மற்ற வீடுகளிலிருந்து வந்தது. பிள்ளை பெற்றவர்கள் ஒவ்வொருவராக வளையல் ஏற்றினார்கள். எங்கள் வீட்டுக்குப் போன் போட்டு, அக்கா தன் கையை ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினாள். அந்தப் பக்கம் அம்மா, “இருடி, ஒயரு எட்டுது, உங்கப்பாவுக்கும் கேக்கட்டும்” என்றாள்.

குழந்தை பிறக்கும்வரை அங்கேயே இருந்தேன். சாயங்காலம் மாமா கிளம்பியதும் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எழுதினேன். கப்பலில் முதலில் நோய் வந்து முதலில் தேறியவர்கள் முதலில் இறங்குகிறார்கள். துறைமுகத்தில் அடுப்பு மூட்டுகிறார்கள். கிரகத்தில் யாருக்குக் கொப்புளம் வந்தாலும் கூப்பிடும் ஆட்கள் அவர்கள்தான். ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை, முடிவில் விறுவிறுப்பு போதவில்லையாம். அக்கா படித்துவிட்டு, “இப்பதாண்டி இது கப்பல்” என்றாள்.

பெண் குழந்தை. தலை நிறைய முடி. அப்பாவுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டு அம்மா ஓடிவந்து பார்த்தாள். அப்பா வரவில்லை, வேண்டாம், எனக்கு இன்னும் கொஞ்சம் குறையட்டும் என்று சொல்லியனுப்பினார். டாக்டர் சரி என்று சொன்ன பிறகும், வடுவெல்லாம் மங்கிய பிறகும் அப்பா நாள் தள்ளினார். அம்மா திட்டித் தீர்த்த பிறகுதான் அக்காவையும் குழந்தையையும் அழைத்துவரச் சொன்னார்.

வீட்டு வாசலில் கார் நின்றது. அம்மா ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் படி ஏறினாள். வாசலில் அந்தப் பெஞ்சு குறுக்கே கிடந்தது. அப்பா அதை அறையிலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார். அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னாய்யா, இன்னுமா?” என்றாள் அம்மா.

அக்கா பெஞ்சுக்கு இந்தப் பக்கம் நின்றாள். “ஜீரோ ஆயிடுச்சாப்பா?” என்றாள்.

அப்பா குனிந்து பெஞ்சைத் தூக்கினார். தனியாகவே தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் போட்டுவிட்டு வந்தார். குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து அக்கா முன்னால் நின்று, இரண்டு கையையும் விரித்து நீட்டினார். நீட்டியபடி அசையாமல் காத்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஆரத்தித் தட்டோடு ஓரமாக விலகி நின்றாள். அக்கா குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள்.